ஏச்சும் பேச்சும்: சொற்கள் வசையாகும் வரலாறு

விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் இடையே அமைந்துள்ள மல்லாங்கிணற்றில், சில மாதங்களுக்கு முன் ஒரு நிக்காஹ் வைபவத்தில் கலந்துகொள்ளும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. விருந்து முடிந்து பந்தலில் அமர்ந்திருந்தபோது, தெற்கிலிருந்து தொடர்வண்டியில் வந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர் மனத்தாங்கலோடு ஒரு செய்தியைச் சொன்னார். சாத்தூருக்கும் விருதுநகருக்கும் நடுவே துலுக்கப்பட்டி என்றொரு நிலையம் இருக்கிறது. வண்டி அதைக் கடக்கும்போது, உடன் பயணம் செய்த ஒருவர் பெயர்ப்பலகையை உரக்கப் படித்துவிட்டு, மாணவரின் தொப்பியைப் பார்த்துச் சிரித்தாராம். “அந்தப் பேரை மாத்தச் சொல்லி நாம ஒரு மனுக் கொடுக்கக் கூடாதா ஹஜ்ரத்?” என்று அவர் நம்மிடம் கேட்டார்.

நாம் பதில் சொல்லுமுன், பெண் வீட்டுப் பெரியவரான ராவுத்தர் குறுக்கிட்டார். “எங்க அத்தா காலத்துல நம்மள நாமளே அப்படித்தான் சொல்லிக்குவோம், தம்பி. அப்ப அது ஏச்சு இல்ல.” அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் அவருடைய நெடுநாள் நண்பரான நாடார் வணிகர். “ராவுத்தரே, பேரு மாத்துறது லேசுப்பட்ட காரியமில்ல. எங்க ஆளுக அதுக்கு ஒரு தலைமுறைக்கு மேல பாடுபட்டாக” என்றார் அவர். “மெய்தான் அண்ணாச்சி” என்று ராவுத்தரும் தலையசைத்தார்.

அந்தப் பந்தலில் மூன்று தலைமுறைகளின் அனுபவம் மூன்று வாக்கியங்களில் வெளிப்பட்டது. அத்தா காலத்தில் இயல்பாக இருந்த சொல் பேரன் காலத்தில் எப்படி ஏச்சாயிற்று? சொல்லை மாற்றினால் இழிவு மாறுமா? ஒரு சொல் வசைச்சொல்தானா என்பதை முடிவு செய்யும் உரிமை சொல்பவருக்கா, கேட்பவருக்கா? இவ்வினாக்களுக்கு வரலாறும் மார்க்கமும் தரும் விடைகளை இக்கட்டுரையில் ஒருங்கே வைத்துப் பார்க்க விழைகிறோம்.

சொல்லின் மேனியில் குற்றமில்லை

எழுத்துகளின் சேர்க்கையில் இழிவு இல்லை என்பதைத் தமிழும் அரபியும் ஒருசேர மெய்ப்பிக்கின்றன. பழந்தமிழில் ‘நாற்றம்’ நறுமணத்தையும் குறித்தது. இன்று அச்சொல்லை மலருக்குச் சூட்ட எவரும் துணியார். டச்சுக்காரர் மொழியிலிருந்து வந்த ‘கக்கூஸ்’ நம் பாட்டன்மார் கூச்சமின்றிப் பயன்படுத்திய சொல். பின்னர் அது கொச்சையாகத் தோன்றவே கழிப்பறை வந்தது, கழிவறை வந்தது, பாத்ரூம் வந்தது. குளிக்கும் அறையின் பெயரையே கடன் வாங்கிக் கூச்சத்தை மறைத்துக்கொண்டோம்.

அரபியில் ‘ஃகாயித்’ என்ற சொல்லின் மூலப்பொருள் தாழ்வான நிலம். அக்கால அரபிகள் இயற்கைத் தேவைக்காக ஒதுங்கிய இடம் அது. உளூவும் தயம்மமும் பற்றிய இறைவசனங்களில் (4:43, 5:6) அந்நிலத்திலிருந்து வருவதாகச் சொல்லி, செயலைக் குறிப்பால் உணர்த்தும் நயத்தைக் காண்கிறோம். காலப்போக்கில் அந்த நிலத்தின் பெயரே கழிவின் பெயராகிவிட்டது. மறைக்க வந்த திரையே மறைக்கப்பட வேண்டிய பொருளாக மாறிற்று. தாம்பத்திய உறவைத் திருமறை ‘தொடுதல்’ என்ற சொல்லால் சுட்டுவதையும் முஃபஸ்ஸிர்கள் இவ்வகையிலேயே விளக்குவர்.

நம் இலக்கண நூலாரும் இதை அறிந்திருந்தனர். சபையில் சொல்லத் தகாத சொல்லை மறைத்துச் சொல்லும் மரபைத் தொல்காப்பியம் குறிப்பிடுகிறது. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்ற மூன்றையும் நன்னூல் தகுதி வழக்கில் அடக்குகிறது. ‘தகுதி’ என்ற சொல் கருதத்தக்கது. ஓரிடத்திற்குத் தகுந்த சொல் வேறோரிடத்திற்குத் தகாது என்பதே அதன் உட்கிடை.

சிவகாசி வட்டாரத்தார்க்கு இதை எளிதாக விளக்கலாம். பட்டாசுக்குள் அடைக்கப்படும் வெடிக்கலவையை அங்கே ‘மருந்து’ என்பார்கள். நோயாளிக்குக் கொடுப்பதும் மருந்துதான். எந்த மருந்து என்பதை இடமும் சூழலும் சொல்லிவிடுகின்றன. அசையாமல் கிடக்கும் வெடிமருந்து உராய்ந்தவுடன் தீப்பற்றுகிறது. சொல்லும் அத்தகையதே. இகழும் மனம் வந்து உராயும்வரை அது வெறும் பெயராகவே கிடக்கிறது.

ஒரே கூட்டத்தாருக்குப் பல பெயர்கள்

‘துலுக்கர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். துருக்கர் என்ற இனப்பெயரின் திரிபு அது. 1311இல் மாலிக் காஃபூரின் படையெடுப்பு நிகழ்ந்தது; அதே நூற்றாண்டில் மதுரையில் சுல்தான்களின் ஆட்சியும் ஏற்பட்டது. அந்நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் இச்சொல்லைக் காண்கிறோம். வடக்கிலிருந்து வந்த துருக்கிய மரபுப் படையினரைச் சுட்டப் பிறந்த பெயர், நாளடைவில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் அனைவர் மீதும் போர்த்தப்பட்டது. அவர்களிற் பெரும்பாலோருக்குத் துருக்கியோடு எந்த உறவும் இல்லை. அரபு வணிகர்களின் தொடர்பாலும், இம்மண்ணின் மக்கள் இஸ்லாத்தைத் தழுவியதாலும் உருவான சமுதாயம் இது.

எனினும் அப்பெயர் தொடக்கத்திலிருந்தே வசையாக இருந்ததில்லை. திருவரங்கம் கோயிலில் துலுக்க நாச்சியார் என்ற பெயர் இன்றும் பக்தியோடு உச்சரிக்கப்படுகிறது. துலுக்கச் சாமந்தி என்று ஒரு பூவுக்குப் பெயர் வைத்தவர் எவரையும் ஏசவில்லை. 2022 முதல் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்திய நெல்லை மாவட்டத்துத் துலுக்கர்பட்டியின் பெயரும், நாம் தொடக்கத்தில் கண்ட துலுக்கப்பட்டியின் பெயரும் அடையாளப் பெயர்களே. அவை அங்கு வாழ்ந்தோரைப் பிறர் அறிந்துகொள்ள உதவியவை.

இதனோடு ‘ராவுத்தர்’ என்ற பெயரை ஒப்பிட்டால் உண்மை துலங்கும். குதிரை வீரர் என்பது அதன் பொருள். அதுவும் படையோடும் குதிரை வணிகத்தோடும் தொடர்புடைய பெயர்தான். ஆயினும் அருணகிரிநாதர் முருகப் பெருமானையே ராவுத்தன் என்று விளிக்கும் அளவுக்கு அது பெருமை பெற்றது. இன்றும் ராவுத்தர் என்று அழைப்பதில் மரியாதை இருக்கிறது. இரண்டு சொற்களும் ஒரே மக்களைச் சுட்டின. ஒன்றில் மதிப்பு ஏறியது, மற்றொன்றில் இகழ்ச்சி ஏறியது. வேறுபாடு ஓசையில் இல்லை. எவர், எந்த மனநிலையில், எத்தனை காலம் அச்சொல்லை வழங்கினர் என்பதில் இருக்கிறது.

எதிர்த் திசையிலும் பயணம் உண்டு. யவனர் என்பதிலிருந்து பிறந்ததாகக் கருதப்படும் ‘சோனகர்’ என்ற பழம்பெயர் இலங்கை முஸ்லிம்களிடம் நிலைபெற்றுள்ளது. போர்த்துக்கீசியரோ தங்கள் நாட்டில் தாம் பகைத்துப் போரிட்ட முஸ்லிம்களின் பெயரைக் கொண்டுவந்து இவர்களை ‘மூர்’ என்றனர். பகையோடு சூட்டப்பட்ட அப்பெயரை இலங்கை முஸ்லிம்கள் தங்கள் தனித்த அடையாளமாக ஏற்றனர். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டபோது, 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து நூல் எழுதினார். அந்த விவாதத்தில் எவர் பக்கம் நியாயம் என்பது இங்கு நம் பொருளன்று. பகைவன் வைத்த பெயரும், உரியவர் தாமே விரும்பி எடுத்துக்கொண்டால் கண்ணியப் பெயராகும் என்பதே நாம் கொள்ள வேண்டிய செய்தி.

விருதுபட்டி விருதுநகரான கதை

பந்தலில் நாடார் வணிகர் சொன்ன வாக்கியத்திற்குப் பின்னால் நெடிய வரலாறு இருக்கிறது. இன்று நாடார் என்று அறியப்படும் சமுதாயத்தாரை ஆங்கிலேய அரசின் ஆவணங்களும் குடிமதிப்பீடுகளும் ‘சாணார்’ என்று எழுதின. வரலாற்றின் பொருட்டு அச்சொல்லை இங்கே ஒருமுறை எழுதினோம். அவர்கள் அதை விரும்பாததால் மறுமுறை எழுதமாட்டோம்.

அப்பெயர் ‘சான்றோர்’ என்ற உயர்ந்த சொல்லின் மரூஉ என்பது அச்சமுதாயத்து அறிஞர்களின் வாதம். ஆனால் வழக்கில் அது பனையேறுதல், கள் இறக்குதல் என்ற தொழில்களோடு ஒட்டிக்கொண்டு, தீண்டத்தகாமையின் நிழல் படிந்த பெயராயிற்று. கடை வைத்து வணிகம் செய்தவரும், பள்ளியில் படித்தவரும், பனைமரத்தைத் தொட்டறியாதவரும் அப்பெயராலேயே ஏசப்பட்டனர். 1849இல் கால்டுவெல் பாதிரியார் இச்சமுதாயத்தைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே அப்பெயர் இருந்தது. கல்வி கற்ற பிற்காலத் தலைமுறையினர் அந்நூலின் கருத்துகளை வன்மையாகக் கண்டித்தனர். நன்மை செய்வதாக எண்ணி எழுதுபவரும் பெயரால் புண்படுத்தக்கூடும் என்பதற்கு அது சான்று.

பெயரைப் பற்றிய போராட்டம் பெயரோடு நிற்கவில்லை. கோயில் நுழைவு, பல்லக்கு ஊர்வலம், பொதுத்தெரு உரிமை ஆகிய எல்லாவற்றோடும் அது பிணைந்திருந்தது. 1895இல் கழுகுமலையில் கலவரம் மூண்டது. 1899 ஜூன் 6ஆம் நாள் சிவகாசி தாக்கப்பட்டது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. கமுதிக் கோயில் நுழைவு வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று 1908இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. நீதிமன்றங்களில் தோற்ற சமுதாயம், தன் கையால் கட்டக்கூடியவற்றைக் கட்டத் தொடங்கியது. வணிகர்கள் தங்களுக்குள் மகமை விதித்துப் பொதுநிதி திரட்டினர். வீடுதோறும் பிடியரிசி சேர்த்தனர். விருதுபட்டியில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. பின்னாளில் காமராசர் பயின்ற பள்ளி அதுவே. 1910இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. மனுக்கள் குவிந்தன.

1921இல் சென்னை அரசாங்கம் தன் ஆவணங்களிலிருந்து பழைய பெயரை நீக்கி ‘நாடார்’ என்று எழுத ஆணையிட்டது. அதற்கு முன் ‘நாடான்’ என்பது திருச்செந்தூர்ப் பகுதியில் நிலவுடைமைக் குடும்பங்கள் சிலவற்றுக்கு மட்டுமே உரிய பட்டமாயிருந்தது. சிலரின் பட்டம் எல்லாரின் பெயராயிற்று. இரண்டாண்டுகள் கழித்து 1923இல் ஊரும் தன் பெயரை மாற்றிக்கொண்டது. விருதுபட்டி விருதுநகர் ஆயிற்று. அதே காலத்தில் சிவகாசி இளைஞர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்று ஊர் திரும்பினர். 1899இல் எரிந்த ஊர், நெருப்பையே தொழிலாக்கிப் பிழைக்கக் கற்றது.

இவ்வரலாற்றில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அரசாணை பெயரை மாற்றியது. ஆனால் அந்தப் பெயருக்கு மதிப்பைத் தந்தவை பள்ளியும் மகமையும் கடைவீதியும் உழைப்புமே. ஆணை முன்னும் உழைப்பு பின்னுமாக அமையவில்லை. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நடந்தன.

பெயர் மாறியும் மாறாத இகழ்ச்சி

எல்லாப் பெயர் மாற்றங்களுக்கும் இந்தப் பேறு வாய்க்கவில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தம் இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். பிறர் வசையாக எறிந்த சொல்லைத் தலைநிமிர்ந்து தாமே ஏந்திக்கொள்ளும் வழி அது. எம்.சி. ராஜா போன்றோர் வேறு வழியை நாடினர். அவர்கள் முயற்சியால் 1922இல் ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயர் அரசின் ஏற்பைப் பெற்றது. 1930களில் காந்தியடிகள் ‘ஹரிஜன்’ என்ற பெயரைப் பரப்பினார். இறைவனின் மக்கள் என்ற உயர்ந்த பொருளுடைய அச்சொல்லும், உரியவர்களால் விரும்பப்படாத பெயராக முடிந்தது. அதை இழிவுபடுத்தும் நோக்கில் பயன்படுத்துவதை 2017இல் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. பொருளில் பூசப்பட்ட தேனால், மனத்தில் இருந்த கசப்பை மாற்ற இயலவில்லை. இகழும் மனம் மாறாதவரை, புதிய பெயரும் சில ஆண்டுகளில் பழைய பெயரின் கறையை ஏற்றுக்கொள்கிறது.

சட்டமும் இந்த நுட்பத்தைப் படிப்படியாகவே உணர்ந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294ஆம் பிரிவு பொது இடத்தில் ஆபாசச் சொல் கூறுவதைத் தண்டித்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆம் பிரிவு உள்ளது. இழிவான சொல் எல்லாம் ஆபாசச் சொல் ஆகிவிடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆபாசம் வேறு, அவமதிப்பு வேறு. இந்த இரண்டாவது வகைக்காகத்தான் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொதுப்பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதை அது குற்றமாக்கியது. 2015இல் செய்யப்பட்ட திருத்தம் சாதிப் பெயரால் ஏசுவதைத் தனியே பெயர் சொல்லிக் குற்றமாக்கியது. அகராதியில் ஆபாசமற்ற ஒரு பெயரும் குற்றமாகக்கூடும் என்பதை நாட்டின் சட்டம் இவ்வாறு ஏற்றுக்கொண்டது.

மார்க்கம் காட்டும் அளவுகோல்

இவ்வுண்மை பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே நமக்கு அருளப்பட்டிருந்தது. மதீனாவில் நபித்தோழர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை விளித்து ‘ராஇனா’ என்பார்கள். எங்களைக் கவனியுங்கள் என்பது அதன் பொருள். பகைமை கொண்ட சிலர் அதே ஓசையை நெளித்து, இழிவான பொருள் தொனிக்கச் சொல்லித் தமக்குள் மகிழ்ந்தனர். அப்போது அருளப்பெற்ற வசனம் (2:104) ஈமான் கொண்டோரை நோக்கி, அச்சொல்லை விடுத்து ‘உன்ளுர்னா’ என்று சொல்லுமாறு பணித்தது. இரண்டுக்கும் பொருள் ஏறத்தாழ ஒன்றே. தோழர்களின் நிய்யத்தில் எள்ளளவும் மாசு இல்லை. ஆயினும் சொல் மாற்றப்பட்டது. என் எண்ணம் நல்லது என்ற வாதம் மட்டும் ஒரு சொல்லைக் காப்பாற்றப் போதாது என்பதற்கு இதைவிட வலிய ஆதாரம் வேண்டியதில்லை. இழிவுக்கு இடந்தரும் இருபொருட் சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்ற விதியை இமாம் குர்துபி (ரஹ்) இவ்வசனத்திலிருந்து பெறுகிறார்கள்.

அடுத்தது ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம். பட்டப்பெயர் சூட்டி ஒருவரையொருவர் அழைப்பதை அது தடுக்கிறது. இது அருளப்பட்ட பின்னணியை அபூதாவூதும் திர்மிதீயும் பதிவு செய்துள்ளனர். நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது பனூ ஸலிமா கோத்திரத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று பெயர்கள் இருந்தன. ஒருவரை அவற்றுள் ஒன்றால் அழைத்தபோது, அப்பெயரைக் கேட்டால் அவர் சினம் கொள்வார் என்று உடனிருந்தோர் தெரிவித்தனர். அளவுகோல் இங்கே தெளிவாகிறது. பெயரின் அகராதிப் பொருளை எவரும் ஆராயவில்லை. அழைக்கப்படுபவர் மனம் நோகிறதா என்பதே பார்க்கப்பட்டது. அதே அத்தியாயத்தின் 13ஆம் வசனம், குலங்களும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்கிறது. அறிவதற்குரிய பெயர் ஆகுமானது. அழுத்துவதற்குரிய பெயர் தடுக்கப்பட்டது. இதனால்தான் ஹதீஸ் அறிவிப்பாளர் வரிசைகளில் அல்அஃமஷ் (பார்வை மங்கியவர்), அல்அஃரஜ் (கால் ஊனமுற்றவர்) போன்ற பெயர்களைக் காண்கிறோம். அடையாளம் காட்டுவதற்காக இவ்வாறு சொல்வது ஆகும், இழிவு கருதிச் சொல்வது ஆகாது என்று இமாம் நவவீ (ரஹ்) வரையறுக்கிறார்கள்.

ஒரே பெயர் அன்பாகவும் ஏச்சாகவும் இருக்க முடியுமா? ‘அபூதுராப்’ என்ற பெயர் அதற்கு விடை. பள்ளிவாசலில் உடலில் மண் படிய உறங்கிக்கொண்டிருந்த அலீ (ரலி) அவர்களை, மண்ணைத் துடைத்துவிட்டவாறே நாயகம் (ஸல்) அவர்கள் ‘மண்ணின் தந்தையே’ என்று கொஞ்சி அழைத்தார்கள். பிற்காலத்தில் உமையா ஆட்சியாளரைச் சேர்ந்தோர் அதையே இகழ்ச்சிப் பெயராக மிம்பரில் பயன்படுத்தினர். இச்செய்தி ஸஹ்லு இப்னு ஸஅது (ரலி) அவர்களிடம் சொல்லப்பட்டபோது, அவர்கள் சிரித்துவிட்டு, அலீக்கு அதைவிட விருப்பமான பெயர் வேறு இருந்ததில்லை என்றார்கள். புகாரியில் இடம்பெறும் இந்நிகழ்ச்சி, சொல்லுக்கு உயிரூட்டுவது உள்ளமே என்பதைக் காட்டுகிறது.

தாயைச் சொல்லி ஏசுவது நம் தெருக்களில் மலிந்த வழக்கம். அபூதர் (ரலி) அவர்கள் ஒருமுறை ஒருவரை அவருடைய தாயைக் கூறி இழிவாகப் பேசிவிட்டார்கள். உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்தின் தன்மை இருக்கிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். பின்னாளில் ரபதாவில் அவர்களைக் கண்டவர், அவர்களும் பணியாளரும் ஒரே விதமான ஆடை அணிந்திருந்ததைக் கண்டு வியந்து காரணம் கேட்டார். அப்போதுதான் இந்த நிகழ்ச்சியையே அவர்கள் வெளியிட்டார்கள். நாவின் பிழைக்கு அவர்கள் தேடிய பரிகாரம் நாவோடு முடியவில்லை. உடையில், உணவில், உடன் வாழ்வதில் அது வெளிப்பட்டது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் நாவின் ஆபத்துகள் இருபதை விரித்துரைக்கிறார்கள். ஆபாசப் பேச்சைப் பற்றிய பகுதியில், சொற்களின் அருவருப்பில் ஏற்றத்தாழ்வு உண்டு என்றும், நாட்டு வழக்கத்தைப் பொறுத்து அது வேறுபடக்கூடும் என்றும் அவர்கள் குறிப்பிடுகிறார்கள். ஓரூரில் வெறும் பெயராக இருப்பது மற்றோரூரில் ஏச்சாக இருக்கலாம். ஆகவே புதிய ஊருக்குச் செல்பவன் அங்குள்ளோர் நோவதை அறிந்து பேச வேண்டும்.

நம் வீட்டுச் சொல்

இதுவரை பிறர் நம்மையும் பிறரையும் அழைத்த பெயர்களைப் பற்றிப் பேசினோம். இத்தோடு நிறுத்திக்கொள்வது எளிது, நேர்மையன்று. ஹுஜுராத் வசனம் பிறரை நோக்கி அருளப்படவில்லை. ஈமான் கொண்டோரை நோக்கி அருளப்பட்டது.

முடி திருத்தும் தொழிலையும் சுன்னத் செய்யும் தொழிலையும் பரம்பரையாகச் செய்துவந்த நம் சகோதரர்களை, தமிழ் முஸ்லிம் ஊர்கள் பலவற்றிலும் இலங்கையிலும் ஒஸ்தா, ஒஸ்ஸான் என்று அழைத்துவந்திருக்கிறோம். ‘உஸ்தாத்’ என்ற சொல்லின் மரூஉவே அது. ஆசான், கைதேர்ந்தவர் என்பது அதன் பொருள். குழந்தையின் உடலில் கத்தி வைப்பவருக்குக் கைத்திறன் வேண்டும். அத்திறனை மதித்து முன்னோர் வைத்த பெயர் அது. தலைமுறைகள் கடந்தபோது தொழிலை இழிவாகக் கருதினோம். அந்த இழிவை ஆசானின் பெயர் மீது ஏற்றினோம். பிறகு அதையே பெண் கொடுக்கவும் எடுக்கவும் தடையாக்கினோம். எவரும் வெளியிலிருந்து வந்து இதைச் செய்யவில்லை.

நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவில் பல ஆண்டுகளுக்கு முன் ஹுஜுராத் அத்தியாயப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவர், “ஹஜ்ரத், உஸ்தாதும் ஒஸ்தாவும் ஒரே சொல்லா?” என்று கேட்டார். ஆம் என்றோம். எழுத்துகள் எவ்வாறு திரிந்தன என்பதைப் பலகையில் எழுதிக் காட்டினோம். வகுப்பில் சிலர் சிரித்தனர். ஏன் சிரிக்கிறார்கள் என்று விசாரிக்க நமக்குத் தோன்றவில்லை. அடுத்த வாரம் அந்த மாணவர் வரவில்லை, பிறகும் வரவேயில்லை. அவருடைய தகப்பனாரின் தொழிலையும், சக மாணவர்கள் அவரை அப்பெயராலேயே அழைத்துவந்ததையும் பின்னர்தான் அறிந்தோம். அவர் கேட்டது சொல்லாராய்ச்சி அன்று. அந்த வசனம் தமக்கும் பொருந்துமா என்றே கேட்டார். அதற்கு நாம் அன்று பதில் சொல்லத் தவறிவிட்டோம்.

மல்லாங்கிணற்றுப் பந்தலில் அந்தக் கல்லூரி மாணவர் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். நிலையத்தின் பெயரை மாற்றக் கோருவதும் கோராதிருப்பதும் அவ்வூரில் வாழ்வோரின் விருப்பம். அந்தப் பலகையில் எவரும் எவரையும் இகழவில்லை. அது பழைய அறிமுகத்தின் எச்சம். தொப்பியைப் பார்த்துச் சிரித்தவரிடம்தான் குறை இருக்கிறது. அவரிடம், உங்கள் சொல் எங்களை நோகச் செய்கிறது என்று பண்போடும் துணிவோடும் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. வேறு சொல் இருக்க, கேட்பவர் நோகும் சொல்லைப் பிடித்துக்கொள்ள எந்த மார்க்கமும் எந்த நாகரிகமும் அனுமதி தரவில்லை.

ஆனால் அந்த உரிமையைக் கேட்குமுன் தீர்க்க வேண்டிய கடன் ஒன்று நம்மிடம் உண்டு. விருதுநகர்ப் பெரியவர்கள் தங்கள் பெயரின் கறையைக் கழுவப் பள்ளியும் மகமையும் கண்டார்கள். நம்மிடையே ஒரு பெயரில் நாமே ஏற்றிய கறையைக் கழுவ அரசாணை தேவையில்லை. அபூதர் (ரலி) காட்டிய வழி போதும்: ஒரே ஸஃப்பு, ஒரே ஸஹன், ஒரே உறவு. நம்மை நாள்தோறும் ‘உஸ்தாத்’ என்று மாணவர்கள் அழைக்கிறார்கள். அவ்வாறு அழைக்கப்படும் ஒவ்வொரு முறையும், அதே சொல்லைக் கேட்டுத் தலைகுனிந்து வெளியேறிய ஒரு பிள்ளையின் முகம் நம் நினைவில் எழுகிறது. அவர் இக்கட்டுரையைப் படிக்க நேர்ந்தால், அன்று சொல்லாத பதிலை இன்று சொல்கிறோம்: அந்த வசனம் உங்களுக்காகவும் அருளப்பட்டது. குற்றம் உங்கள் பெயரில் இல்லை, எங்கள் நாவில் இருந்தது.